காமிகளின் தேசம் – 9: ஊருக்கு ஒரே சாமி

காமி என்னும் ஷின்டோ தெய்வத்தையும் புத்தரையும் பிரித்து வைக்கச் சொல்லி 1868இல் ஜப்பானின் மெய்ஜி அரசு போட்ட ஆணையையும், அதன் பெயரால் நடந்த இடிப்புகளையும் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த மூன்றாண்டுகளுக்குள் ஷின்டோ ஆலயங்கள் அனைத்தும் அரசின் வழிபாட்டு இடங்கள் ஆயின. பரம்பரைப் பூசாரிகளின் உரிமை பறிபோனது. ஈசே மகா ஆலயத்தை உச்சியில் வைத்து, அதற்குக் கீழே அரசு ஆலயங்கள், மாகாண ஆலயங்கள், வட்டார ஆலயங்கள், கிராம ஆலயங்கள் என்று ஒரு படிவரிசை எழுந்தது.

அந்த வரிசையில் எந்தப் படியிலும் ஏறாமல் ஒரு பெருங்கூட்டம் மிஞ்சியது. அரசுப் பதிவேடு அவற்றைத் 'தரமற்ற ஆலயங்கள்' என்று குறித்துக்கொண்டது. எண்ணிக்கையில் அவைதான் அதிகம். குடியானவர்கள் நாள்தோறும் கும்பிட்டதும் அவற்றைத்தான்.

இந்த வாரக் கதை அந்தத் தரமற்ற சாமிகளுடையது.

மரத்தடிச் சாமி

இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில் ஜப்பானில் ஏறக்குறைய 1,90,000 ஆலயங்கள் இருந்தன. ஈசே, இசுமோ, நிக்கோ என்று வெளியுலகம் அறிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை பக்கத்து ஊருக்குக்கூடப் பெயர் தெரியாதவை.

வயல் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கலாம். இரண்டு மரத்தூண்கள், மேலே குறுக்காக இரண்டு சட்டங்கள். இதுதான் தோரீ என்னும் வாயில். தாண்டியதும் கல்தொட்டியில் தண்ணீர். கையையும் வாயையும் கழுவிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். அப்பால் ஒரு முதிய மரம். அதன் இடுப்பில் வைக்கோலை முறுக்கித் திரித்த வடம், வடத்தில் மடித்துத் தொங்கவிட்ட வெள்ளைக் காகிதங்கள். மரத்தடியில் ஹொகோரா எனப்படும் மரத்தாலான சிற்றாலயம். இருவர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் அளவு. உள்ளே கல் இருக்கலாம், பழைய உலோகக் கண்ணாடி இருக்கலாம். யாரும் திறந்து பார்ப்பதில்லை. நிரந்தரப் பூசாரி கிடையாது. ஊர்க் குடும்பங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆனதும் பாட்டி அதைத் தூக்கிக்கொண்டு முதலில் வருவது இங்கேதான். இந்த மண்ணில் பிறந்த புது உயிரை இந்த மண்ணின் சாமிக்குக் காட்ட வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் பிள்ளைக்குப் புத்தாடை உடுத்தி மறுபடி அழைத்து வருவார்கள். அறுவடை முடிந்தால் புது நெல்லும் சாகே என்னும் அரிசி மதுவும் படையலாகும். இலையுதிர்காலத் திருவிழாவில் சாமி மிகோஷி என்னும் பல்லக்கில் ஏறி, இளவட்டங்களின் தோளில் குலுங்கிக் குலுங்கி ஊரைச் சுற்றும். சுமோ மல்யுத்தமும் கூத்தும் ஆலயத் திடலில்தான். ஊர்க்கூட்டம் கூடுவதும் அங்கேதான். 1904இல் ருஷ்யாவோடு போர் மூண்டபோது படைக்குப் புறப்பட்ட பையன்களின் தாய்மார்கள் நின்று கைதட்டி வணங்கியதும் இந்த மரத்தடிகளில்தான்.

சிற்றாலயத்துக்குப் பின்னால் காடு. கோயில் காடு. அங்கே வெட்டுக்கத்தி நுழையாது. சுள்ளி பொறுக்கவும் ஊர் அஞ்சும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடம் பிற்பாடு வந்தது. காடுதான் முதலில் ஆலயம். நாரா அருகே மீவா மலையை வழிபடும் ஓமீவா ஆலயத்தில் கருவறையே இல்லை, மலைதான் கருவறை. நாச்சியில் 133 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அருவியே தெய்வம். அதன் எதிரே நின்று வணங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். காமி என்பவர் ஓர் இடத்தில் இருப்பவர். அந்த இடத்தை அவரிடமிருந்து பிரிக்க முடியும் என்று சிற்றூர்க்காரர் எவருக்கும் தோன்றியதில்லை.

தோக்கியோவில் இருந்தவர்களுக்குத் தோன்றியது.

1906

இந்த எண்ணத்தின் வேர் 1889இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏறக்குறைய 71,000 ஊர்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து 16,000க்கும் குறைவான நகரங்களாகவும் கிராமங்களாகவும் அரசு சுருக்கியது. பள்ளிக்கூடம் நடத்தவும் வரி வாங்கவும் அது வசதி. ஆனால் காகிதத்தில் ஒன்றான கிராமத்துக்குள் ஐந்தாறு பழைய சிற்றூர்கள் தனித்தனியாகவே வாழ்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாமி, தனித் திருவிழா, தனிக் காடு.

ருஷ்யப் போரில் ஜப்பான் வென்றது. ஆனால் இழப்பீட்டுத் தொகை என்று ஒரு காசும் கிடைக்கவில்லை. கடன் மலையாக நின்றது. கிராமங்களைச் சீர்ப்படுத்தி, செலவைக் குறைத்து, மக்களின் பற்றைச் சிற்றூரிலிருந்து நாட்டின்மீது திருப்ப வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் முடிவுகட்டியது. அதற்குக் கண்ட வழி: கிராமத்துக்கு ஓர் ஆலயம். அந்த ஓர் ஆலயத்துக்குச் சம்பளப் பூசாரி, ஒழுங்கான கட்டடம், அரசுப் பணத்தில் படையல். ஈசேயில் தொடங்கிக் கடைசிக் கிராமம் வரை ஒரே ஒழுங்கில் ஒரே வணக்கம்.

இதில் கெட்ட எண்ணம் மட்டுமே இருந்தது என்று சொல்ல மாட்டேன். கூரை சரிந்து, பூசை நின்றுபோன சிற்றாலயங்கள் பல இருந்தது உண்மை. வருமானமில்லாத பூசாரிகள் அரசு உதவிக்கு ஏங்கியதும் உண்மை. ஆனாலும் திட்டத்தை வரைந்தவர்கள் ஆலயத்தை ஒரு கிளை அலுவலகமாகவே பார்த்தார்கள். எல்லாத் தவறும் அங்கிருந்தே தொடங்கியது.

1906 ஏப்ரலில் முதல் ஆணை: தகுதியுள்ள கிராம ஆலயங்களின் படையலுக்குப் பொதுப்பணம் தரலாம். ஆகஸ்டில் இரண்டாவது: வேறோர் ஆலயத்தோடு சேர்க்கப்படும் ஆலயத்தின் நிலம், சேர்த்துக்கொள்ளும் ஆலயத்துக்கு விலையின்றிப் போய்ச் சேரும்.

முதல் ஆணை படிக்க இனிமையானது. இரண்டாவதில்தான் கோடரி ஒளிந்திருந்தது.

உள்துறை அமைச்சராக அப்போது இருந்தவர் ஹாரா தகாஷி. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அவர் மாகாண ஆளுநர்களின் பொறுப்பில் விட்டார். 1908இல் ஹிரதா தோசுகே அந்த நாற்காலிக்கு வந்தபின் விசை கூடியது. ஆளுநர்கள் போட்டி போட்டார்கள். எத்தனை ஆலயங்களைக் குறைத்தோம் என்பது பெருமைக்குரிய கணக்காயிற்று. ஈசே ஆலயமே அமைந்திருக்கும் மியே மாகாணத்தில் பத்தில் ஒன்பது ஆலயங்கள் மறைந்தன. அதற்கு அடுத்த மாகாணம், யாத்திரைக் காடுகளுக்குப் பெயர்போன வகாயாமா, மியேயின் தடத்திலேயே நடந்தது.

முறை இதுதான். ஆலயம் தனித்து நிற்க வேண்டுமானால் பூசாரிக்குச் சம்பளமும் ஒரு பெரிய மூலதன நிதியும் காட்ட வேண்டும். சிற்றூர்க்காரர்களால் முடியாது. அதிகாரி வருவார், தாளை நீட்டுவார், முத்திரை குத்தச் சொல்வார். தயங்கினால் மறுபடி வருவார். ஒருநாள் சாமியின் கல்லோ கண்ணாடியோ பெட்டியில் ஏறும். மலைகளைத் தாண்டி, இதுவரை அந்த ஊரார் கும்பிட்டிராத ஒரு பெரிய ஆலயத்தில் இன்னும் பத்துச் சாமிகளோடு அது வரிசையில் வைக்கப்படும்.

பிறகு கோயில் காடு வெறும் நிலம். நிலத்தில் நிற்பது வெறும் மரம். மூலதன நிதிக்குப் பணம் வேண்டுமே? மரத்தை விற்கலாம்.

தென் ஜப்பானின் கோயில் காடுகளில் ஓங்கி நின்றது கற்பூர மரம். பூசைக்கு நாம் ஏற்றும் கற்பூரத்தை அந்தக் காலத்தில் இந்த மரத்தை வெட்டிக் காய்ச்சித்தான் எடுத்தார்கள். செல்லுலாய்டு செய்ய உலகம் முழுவதும் அதற்குத் தேவை இருந்தது. ஜப்பான் அரசு 1903இலேயே உள்நாட்டுக் கற்பூரத் தொழிலைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. முந்நூறு, நானூறு ஆண்டு நின்ற ஒரு கற்பூர மரம் எவ்வளவு பணம் என்பதை மர வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் போயின. எதிர்ப்பே இல்லாமலா? முணுமுணுப்பு எங்கும் இருந்தது. இரவில் பழைய இடத்துக்குப் போய்த் திருட்டுத்தனமாகக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் உரக்கப் பேச ஆள் வேண்டும். அந்த ஆள் வகாயாமாவின் கடற்கரைச் சிறுநகரமான தனாபேயில், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து உட்கார்ந்திருந்தார்.

கற்பூர மரம் கொடுத்த பெயர்

மினாகாதா குமாகுஸு 1867இல் வகாயாமா நகரில் இரும்புச் சாமான் வியாபாரி ஒருவருக்குப் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் ஃபுஜிஷிரோ என்றோர் ஆலயம். வளாகத்தில் ஒரு பெரிய கற்பூர மரம், அதுவும் காமி. பிள்ளைகளுக்கு அந்த ஆலயம்தான் பெயரில் ஓர் எழுத்தைத் தரும். விஸ்டீரியாக் கொடி, கரடி, கற்பூர மரம், இவற்றைக் குறிக்கும் எழுத்துகளில் ஒன்று. மினாகாதா நோஞ்சான் பிள்ளை என்பதால் கரடியும் கற்பூர மரமும் இரண்டுமே கிடைத்தன. நான்கு வயதில் கடும் நோய் கண்டபோது அவரை முதுகில் சுமந்துபோய் அந்த மரத்தின் முன் வேண்டிக்கொண்டார்கள். தன்னைக் காத்தது அந்த மரம் என்ற நினைவு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

தோக்கியோவில் படிப்பை முடிக்காமலே 19 வயதில் கப்பலேறினார். அமெரிக்காவில் சில ஆண்டுகள், கியூபாவில் பாசியும் காளானும் சேகரிப்பு, 1892இலிருந்து லண்டன். 'நேச்சர்' இதழில் 1893இல் அவருடைய முதல் கட்டுரை வந்தது. வாழ்நாளில் அந்த இதழில் 50க்கும் மேற்பட்டவை எழுதினார். பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலையில் பல மொழி நூல்களைக் கைப்பட நகலெடுத்துக் குறிப்பேடுகளை நிரப்பினார். நாடு கடந்து வந்திருந்த சீனப் புரட்சியாளர் சுன் யாட்-சென் அங்கே அவருக்கு நண்பரானார். அதே வாசகசாலையில் ஒருவரை அடித்ததால் மியூசியத்தின் கதவு கடைசியில் அவருக்குச் சாத்தப்பட்டது. அறிவும் முன்கோபமும் ஒரே அளவில் வாய்த்த மனிதர். அந்தக் கோபம் இந்தக் கதைக்குத் தேவைப்படும்.

1900இல் பட்டமோ பதவியோ பணமோ இல்லாமல் ஊர் திரும்பினார். நாச்சி அருவிக் காட்டில் சில ஆண்டுகள் தனியே அலைந்தார். 1904இல் தனாபேக்கு வந்து தங்கிவிட்டார். 1906இல், அதாவது அந்த இரண்டு ஆணைகளும் பிறந்த அதே ஆண்டில், தோகேய் ஆலயப் பூசாரியின் மகள் மட்ஸுயேயை மணந்தார்.

அந்த ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தைரா குலத்துக்கும் மினாமோதோ குலத்துக்கும் இறுதிப் போர். குமானோ என்ற இந்தப் பகுதியின் கடற்படைத் தலைவர் தன்ஸோ யார் பக்கம் சேர்வது? தைராவின் கொடி சிவப்பு, மினாமோதோவின் கொடி வெள்ளை. ஏழு சிவப்புச் சேவல்களையும் ஏழு வெள்ளைச் சேவல்களையும் இந்த ஆலயத்தின் முன் மோதவிட்டார். வெள்ளைச் சேவல்களே எல்லாச் சுற்றிலும் வென்றன. இருநூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு தன்ஸோ மினாமோதோ பக்கம் போய்ச் சேர, 1185இல் தன்னோஉரா கடற்போரில் தைரா குலம் மூழ்கியது என்பது கதை. அதிலிருந்து அது சேவற்சண்டை ஆலயம். மினாகாதாவுக்கு அது மாமனார் வீடும்கூட. பின்னாலிருந்த மலைக்காட்டில்தான் அவர் நாள் கணக்கில் பூஞ்சை தேடினார்.

அவர் தேடியது முக்கியமாகச் சளிப்பூஞ்சை. மழைக்காலத்தில் அழுகிய மரக்கட்டையின்மேல் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ படர்ந்திருக்கும் வழுவழுப்பான படலம் அது. மெல்ல ஊர்ந்து இரை தேடும். பிறகு ஒருநாள் நின்றுவிடும். குண்டூசி முனையளவுத் தண்டுகளாக எழுந்து, தலையில் தூளைத் தாங்கி நிற்கும். விலங்குபோல நடந்து காளான்போல முடிகிற உயிர். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்ற கேள்வியை அவர் இந்தப் படலத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், யாரும் கை வைக்காத பழங்காடு வேண்டும். கிராமப்புற ஜப்பானில் அத்தகைய காடு எங்கே மிஞ்சியிருந்தது? ஆலயங்களைச் சுற்றித்தான்.

தனாபேயை ஒட்டிய இதோதா என்ற சிற்றூரில் குரங்குச் சாமியின் சிற்றாலயம் ஒன்று இருந்தது. அந்தக் காட்டின் ஒரு மரத்தில் 1906இல் நீலப்பச்சைச் சாயல்கொண்ட சளிப்பூஞ்சை ஒன்றை மினாகாதா கண்டார். அறிவியல் அதுவரை அறியாத வகை. அதைத் தேடி மறுபடி போனபோது காடு இல்லை. குரங்குச் சாமியை வேறு ஆலயத்தில் சேர்த்துவிட்டு, மரங்களை அடியோடு வெட்டியிருந்தார்கள்.

கூச்சல்

1909 செப்டம்பரில் தனாபேயின் 'முரோ ஷிம்போ' பத்திரிகையில் அவருடைய முதல் எதிர்ப்புக் கட்டுரை வந்தது. ஆசிரியர் மோரி சாயியன் துணிச்சல்காரர். பக்கங்களை மினாகாதாவுக்குத் திறந்துவிட்டார். அதன்பின் கட்டுரைக்குமேல் கட்டுரை.

படிக்கிறவர் முதலில் மிரண்டுபோவார். வசை, ஊர்க்கதை, லத்தீன் தாவரப் பெயர், புராணம், மரவிலை, யார் யாரிடம் பணம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஆனால் அடியில் ஓடும் வாதம் தெளிவானது. பிற்பாடு அதை எட்டுத் தீங்குகளாக அவரே வகுத்தார்.

சாமியைத் தூரமாக வைத்தால் பக்தி குறையும். கைக்குழந்தையோடு ஒரு தாயும் தடியூன்றிய கிழவரும் மலை தாண்டி எப்படிப் போவார்கள்? வேறு ஊரின் சாமியைத் தங்கள் சாமி என்று ஏற்கச் சொன்னால் ஊர்களுக்குள் பகை மூளும். திருவிழா போனால் அதை நம்பிய சிறு வியாபாரமும் போகும். மக்களின் ஆறுதல் போகும், ஊரின் பழங்கதைகள் போகும். இவையெல்லாம் ஓர் உள்ளூர்ப் பெரியவர் சொல்லக்கூடியவை.

அடுத்துச் சொன்னவற்றை அன்றைய ஜப்பானில் வேறு யாரும் அப்படிச் சேர்த்துச் சொல்லவில்லை. காட்டை வெட்டினால் பறவை போகும். பறவை போனால் பயிரில் பூச்சி பெருகும். பூச்சியைக் கொல்லக் குடியானவன் கைக்காசைச் செலவழிப்பான். கடலோரக் காட்டின் நிழல் விழுகிற நீரில்தான் மீன் அண்டும். மரம் போனால் மீனும் விலகும். கடலில் இருக்கும் மீனவனுக்குக் கரையின் கோயில் மரம்தான் திசைகாட்டி. அதை வெட்டியவன் அவன் கண்ணைக் கட்டியவன். மரம், கொடி, பாசி, பூச்சி, மனிதர் என எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதை ஆராய அப்போதுதான் ஐரோப்பாவில் ஒரு புதிய துறை உருவாகிவந்தது. சூழலியல். அதன் பெயரைச் சொல்லியே மாகாண ஆளுநருக்கு அவர் எழுதினார், அது 1911இல். சாமிக்குப் பயந்து ஊர் தொடாமல் விட்ட காட்டில் அந்தப் பிடிப்பு அறுபடாமல் இருப்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். அவருக்கு நம்பிக்கையும் அறிவியலும் ஒரே மரத்தடியில் நின்றன.

1910 மார்ச்சில் வகாயாமாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் நாகாமுரா கெய்ஜிரோ, மினாகாதா கொடுத்த விவரங்களை வைத்து அவையில் கேள்வி எழுப்பினார். விவகாரம் தலைநகரத்தின் காதில் விழுந்தது. தனாபேயில் மரம் விழுவது நிற்கவில்லை.

1910 ஆகஸ்ட் 21

அந்தக் கோடைக்காலம் சாதாரணமானதல்ல. பேரரசரைக் கொல்லச் சதி என்று சொல்லி மே மாதத்திலிருந்து சோஷலிஸ்டுகளையும் அராஜகவாதிகளையும் போலீஸ் வேட்டையாடிக்கொண்டிருந்தது. வலை குமானோவரை நீண்டது. தனாபேக்குக் கிழக்கே ஷிங்கூ நகரில் ஏழைகளின் வைத்தியர் என்று பெயர் வாங்கிய ஓய்ஷி செய்னோசுகே ஜூனில் கைதானார். அடுத்த ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். சதியின் மையத்தில் நிறுத்தப்பட்ட கான்னோ சுகா ஒரு காலத்தில் அதே 'முரோ ஷிம்போ'வில் வேலை பார்த்தவர். அரசை எதிர்த்து ஒரு வார்த்தை எழுதினாலும் சந்தேகம் விழும் காலம். அந்த ஊரில், அந்தப் பத்திரிகையில், மினாகாதா அரசின் ஆலயக் கொள்கையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 21. தனாபே நடுநிலைப் பள்ளி மண்டபத்தில் கல்விச் சங்கத்தின் கோடைக்கால வகுப்பு நிறைவு விழா. ஆலய இணைப்பை முன்னின்று நடத்திய மாகாண அதிகாரி அதற்கு வந்திருக்கிறார் என்ற செய்தி மினாகாதாவுக்கு எட்டியது.

பீர் குடித்துவிட்டுப் போனார். அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் தடுத்தார்கள். சத்தம் போட்டார், இன்னும் இறுக்கித் தடுத்தார்கள். கையில் சேகரிப்பு மாதிரிகள் வைத்திருந்த பை. அதைத் தூக்கி மண்டபத்துக்குள் எறிந்தார். தள்ளுமுள்ளு. விழா குலைந்தது.

மறுநாள் போலீஸ் வந்தது. அத்துமீறி நுழைந்த குற்றம். கொரியாவை ஜப்பானோடு இணைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே ஆகஸ்ட் 22தான். உள்ளூர்ச் சாமிகளை மூட்டைகட்டிய அரசு, கடல் கடந்த மண்ணில் புதிய ஆலயங்கள் எழுப்பக் கிளம்பிய கதை இந்தத் தொடரில் பின்னால் வரும்.

இரண்டரை வாரம் தனாபே சிறையில் இருந்தார். வேறொருவர் ஒடிந்திருப்பார். மினாகாதா சிறைக்குள்ளேயே ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார். அங்கே அவர் கைக்கு ஒரு புத்தகமும் வந்தது: 'இஷிகாமி மோந்தோ'. எல்லையோரக் கற்களில் குடியிருக்கும் பழைய சாமிகளைப் பற்றிய கடித விவாதங்களின் தொகுப்பு. எழுதியவர் தோக்கியோவில் அரசின் சட்ட வரைவுத் துறையில் உயர் அதிகாரி. பெயர் யானாகிதா குனியோ.

செப்டம்பர் 7 அன்று விடுதலை. வழக்கு தள்ளுபடியாயிற்று.

முள்மீனும் இரண்டு கடிதங்களும்

யானாகிதா அரசாங்கத்தின் ஆள். அதே வேளையில், மலைக்கிராமக் கதைகளை எழுதி வைத்துக்கொள்ளும் பித்து அவருக்கு. தோனோ என்ற மலைப்பகுதியின் 119 கதைகளை 1910இல் 350 பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலுக்கு அவரையே தந்தை என்றார்கள்.

இருவரையும் சேர்த்து வைத்தது ஒரு மீன். ஓகோஸே என்னும் முள்மீன், பார்க்கச் சகிக்காத முகம். மலைச்சாமி பெண், தன் அழகைப் பற்றி அவளுக்கு மனக்குறை. தன்னைவிட அவலட்சணமான இந்த மீனைக் காட்டினால் மனம் குளிர்ந்துபோய் வேட்டைக்காரனுக்கு இரையும் மரவெட்டிக்குக் காவலும் தருவாள். இந்த நம்பிக்கையைப் பற்றி 1911 பிப்ரவரியில் மினாகாதா எழுதியதை யானாகிதா படித்தார். மார்ச்சில் கடிதம் போட்டார். பதில் பறந்து வந்தது. ஆண்டுக்கணக்கில் நீளப்போகும் பெரும் கடிதப் போக்குவரத்து அப்படித் தொடங்கியது.

கோயில் காடுகளின் கதையைக் கேட்டதும் யானாகிதா உதவ முன்வந்தார். ஆனால் ஒரு கருத்து வேற்றுமை. வெளிநாட்டு அறிஞர்களுக்கு எழுதி, அவர்கள் வாயிலாக ஜப்பான் அரசை நெருக்க மினாகாதா எண்ணினார். லண்டன் அவரை அறியும்; தோக்கியோ அவரை அறியாது. யானாகிதா கூடாது என்றார். நம் வீட்டுக் குறையை அந்நியரிடம் சொல்லி நியாயம் கேட்க வேண்டாம். நம் பேராசிரியர்களுக்கு எழுதுங்கள், நான் கொண்டு சேர்க்கிறேன் என்பது அவர் நிலை. இந்த இடத்தில் என் மனம் மினாகாதா பக்கம்தான் சாய்கிறது. ஆனால் கதவுகள் உள்ளிருந்துதான் திறக்கும் என்பதை அதிகாரியான யானாகிதா அறிந்திருந்தார்.

அதற்குள் இன்னொரு செய்தி. தனாபே விரிகுடாவில் காஷிமா என்றொரு குட்டித் தீவு. முழுவதும் காடு. அங்குள்ள சாமிக்கு அஞ்சி மீனவர்கள் ஒரு கிளையையும் ஒடித்ததில்லை. மந்தாரை இனத்தைச் சேர்ந்த ஓர் அரிய கொடி அங்கே மரங்களைச் சுற்றி ஏறும். அதன் கறுத்த விதைகளில் ஜபமாலை கோப்பார்கள். 1909இல் தீவின் சாமியைக் கரையிலிருந்த ஆலயத்தோடு சேர்த்துவிட்டார்கள். 1911இல், பள்ளிக்கூடக் கட்டடச் செலவுக்கு மரம் விற்கலாம் என்று கிராமம் எண்ணியது. அடிக்காட்டை வெட்டத் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட் 29 அன்று மினாகாதா எழுத உட்கார்ந்தார். தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் மட்ஸுமுரா ஜின்ஸோவுக்கு ஒரு கடிதம். மனம் ஆறவில்லை. ஆகஸ்ட் 31 அன்று இன்னொன்று. எந்த ஆலயத்தில் எந்த மரம், எந்தப் பாசி, எது ஏற்கெனவே போயிற்று, எது இந்த மாதம் போகும் என்று ஊர் ஊராகக் குறித்தார்.

கடிதங்கள் யானாகிதாவின் மேசைக்கு வந்தன. படித்தார். ஒரு பேராசிரியர் கண்ணில் மட்டும் பட்டு முடங்க வேண்டியவையல்ல இவை என்று முடிவு செய்தார். பதவியிலிருக்கும் அரசு அதிகாரி, அரசின் கொள்கையைச் சாடும் இரண்டு கடிதங்களையும் தம் பொறுப்பில் அச்சுக்குக் கொடுத்தார். 'மினாகாதாவின் இரு கடிதங்கள்' என்ற தலைப்பில் சிறு நூல். செப்டம்பரில் 50 பிரதிகள் அறிஞர்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

காஷிமாவில் அடிக்காடு போயிருந்தது. அடுத்த முறை பெரிய மரங்கள். தீவில் சாமியும் இல்லை, சாமிக்குப் பயந்து கோடரியைக் கீழே போடச் சொல்ல ஊருக்கு இனிக் காரணமும் இல்லை. சாமி வெளியேற்றப்பட்ட காட்டுக்கு ஐம்பது அச்சுப் பிரதிகள் காவல் நிற்குமா? அவற்றைப் படித்தவர்களில் யார் எழுந்தார்கள், யார் வாய்மூடி இருந்தார்கள்?

(தொடரும்)